அறுபதைத் தொட்டா ஆடுற காரு

...நான் சொன்னா தப்பாகூடப் போயிடும் கண்ணு, அதான் பயமா கீது. அஞ்சாவதோட என்னை நிறுத்திட்டாங்க. காருல எதுக்கு இன்னா பேருன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஆடுறத ஆடுதுன்னு சொல்றதுக்குப் படிப்பு வேணுமா? நீயே சொல்லு. செத்த தள்ளி உக்காரு, இந்தத் தட்ட மடியில நேரா வெச்சிக்கிறேன். வளையல் தட்டு. எம் பொண்ணு காந்திமதிக்கு இன்னிக்கி வளகாப்பு, கூடுவாஞ்சேரியில, மாமியா வூட்ல. முடிஞ்ச கையோட பிரசவத்துக்கு நம்ம வூட்டுக்கு இட்டுகினு வரணும். அஸ்தினாபுரம்.

வூட்ல காரு வெச்சிகினு ஏன் பஸ்ல இடிபட்டுகினு போறேன்னு கேட்டியே, அதத்தான் சொல்ல வரேன்.

மூணு கை மாறி வந்த காரு அது. வாங்கின நாள்லேர்ந்து எங்க வூட்டுக்காரர் நடையே மாறிப்போச்சி. வேதாசலம்னு பேரு. பால் வாங்கப் போனாகூட விரல்ல கார்ச்சாவிய சுத்திகினுதான் போவாரு. பால் பூத்து எங்க இருக்குன்னு நெனச்ச? எதிர்ல.

அந்தக் காருக்கு ஆயுத பூஜைக்கு அப்பால நடுக்கம் வந்துடிச்சி. மெதுவா போனா ஒண்ணுமில்ல, பல்லாவரம் சந்தைக்கு நல்லாத்தான் போச்சி. ஜிஎஸ்டி ரோட்ல அறுபதைத் தொட்டுதோ இல்லியோ, ஸ்டியரிங் கிடுகிடுன்னு... குளிர் ஜுரம் வந்தவன் கை மாதிரி. வளையல் போட்டிருந்தா சத்தம் கேக்கும்.

ரோடு சரியில்லைன்னாரு. சரி, எத்தன ரோடு சரியில்லாம இருக்கும்? அறுபதுல போற ரோடு மட்டும் சரியில்லையா? அப்பறம் டயர்ல காத்து கம்மின்னாரு. அடிச்சாரு, ஆடிச்சி. கொஞ்சம் எறக்கினாரு, அப்பவும் ஆடிச்சி. பக்கத்து வூட்டு எட்மண்ட் வந்தாரு. ரயில்வேல எஞ்சின் ஓட்டி ரிடையர் ஆனவரு. டயர்ல எங்கியோ பொடப்பு கீதுன்னு காரச் சுத்திச் சுத்தி வந்து தடவிப் பாத்தாரு. பொடப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. ரயிலுக்கு ஸ்டியரிங்கே கெடையாதே கண்ணு, அவருக்கு இன்னா தெரியும்? ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு காப்பி குடிச்சதுதான் மிச்சம்.

அதோட வுட்டாரா இவரு? எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாக்கறேன்னு பள்ளிக்கரணை ரோட்ல கைய எடுத்துட்டாரு. ஸ்டியரிங்லேர்ந்து. ரெண்டு கையும். ரெண்டு பக்கமும் சதுப்புத் தண்ணி. கொக்குங்க எல்லாம் அடுத்து உள்ள வரப்போறது இதுங்கதான்னு எங்களையே பாத்துகினு நிக்குது. எனக்கு சாமி பேரே ஒண்ணும் வாயில வரல. எங்க செத்துப்போன மாமியா பேருதான் வந்திச்சி. கேட்டா, நேராத்தான் போச்சி பாத்தியான்றாரு.

கடைசியில மெக்கானிக் துளசிங்கத்துகிட்ட போனாரு. அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான், ஆட்டம் கையில தெரியுதா, சீட்ல தெரியுதான்னு. கையிலன்னாரு. அப்ப முன் சக்கரம், பேலன்ஸ் போயிருக்கும், மெஷின்ல போட்டுப் பாருன்னான். பேலன்ஸாம். கயித்து மேல நடக்கறவளுக்குத்தானே பேலன்சு, சக்கரத்துக்கு ஏது? இவரும் ஒத்துக்கல. ஆடி மாசம்தான் மெஷின்ல போட்டு சரி பண்ணேன், அதுக்குள்ள எங்க ஓடிப்போவும்னு அவன்கிட்ட சண்ட. சரிதான் போன்னு அவனும் முன் சக்கரத்தக் கழட்டி பின்னாடி மாட்டி, பின்னாடி இருந்தத முன்னாடி மாட்டி அனுப்பிச்சிட்டான்.

ஸ்டியரிங் ஆட்டம் நின்னுபோச்சி. கல்லு மாதிரி. எலெக்ஷன்ல ஜெயிச்சவரு மாதிரி வந்து, உக்காருடி பின்னாலன்னாரு. உக்காந்தேன். பெருங்களத்தூர் தாண்டி அறுபது வந்திச்சி பாரு... சீட்டுக்கு அடியிலேர்ந்து ஆட்டம். என் பல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசுது. அடுக்களையில இருந்த எலிய அடிடான்னா பூஜை ரூமுக்குத் தொரத்திட்டு வந்து நிக்கறாரு மனுசன். சொன்னா, ஸ்டியரிங் ஆடல இல்ல, அத்த சொல்லுன்றாரு. அவரு கை ஆடலன்னா காரே ஆடல.

பின் சீட்ல யாரு கண்ணு உக்காரப் போறது? ஏழு மாசப் புள்ளத்தாச்சி. எனக்கு எப்பிடி இருக்கும்? ஏற்கெனவே ஒண்ணு நிக்காம போனவ அவ. டாக்சி வெச்சிக்கலாம்னு கெஞ்சினேன். நேத்து ராத்திரி சோத்துல கை வெச்சிகினே சொல்றாரு:

"சம்பந்தி வூட்டு வாசல்ல என் காரு நிக்கணும்டி. நின்னே ஆவும்."

நின்னா பரவால்ல. ஓடறதுதானே பயம்.

இன்னா பாக்கற? துணி மூலையிலயா? அது ஒண்ணுமில்ல, ஜன்னல் காத்துல தட்டு மேல போட்ட துணி பறக்காம இருக்க நாலு மூலையிலயும் கனமா முடிஞ்சி வெச்சிருக்கேன். ஈயம். கார்லேர்ந்து எடுத்ததுதான். ஆயுத பூஜைக்கு நான்தானே காரத் தேச்சது, இவரா தேச்சாரு? சக்கரத்துல, டயரும் இரும்பும் சேர்ற எடத்துல, அழுக்கா கட்டி கட்டியா புடிச்சிகினு இருந்திச்சி. புளி போட்டுத் தேச்சாலும் போவல. ஸ்க்ரூ டிரைவர வுட்டு நெம்பிட்டேன். முன் சக்கரம் ரெண்டும் வெள்ளித்தட்டு மாதிரி ஆச்சி. பின்னாடி போறதுக்குள்ள இடுப்பு புடிச்சிகிச்சி. சந்தனம் குங்குமம் வெக்கிற எடம் சுத்தமா இருக்க வேணாமா?

ஏன் சிரிக்கற?

உங்க அண்ணன் டயர் கடையிலயா... அதுக்கு இன்னா இப்ப?

...இந்த ஈயமா?

மெஷின்ல போட்டு வெக்கறது... இதுவா?

ஏம்மா, வெக்கறவன் சொல்லிட்டு வெக்கக் கூடாதா? சக்கரம் ஒரு பக்கம் கனம், மறுபக்கம் ஈயம் வெச்சி சரிக்கட்டறேன், யாரும் தொடாதீங்கன்னு ஒரு வார்த்த? லட்சணமா பளபளன்னு வெச்சிருந்தா நான் ஏன் நெம்பறேன்? காக்கா எச்சம் மாதிரி அப்பிட்டுப் போனா? பூஜைக்குத் தேக்க மாட்டாங்களா மனுசங்க? ஆடி மாசம் மெஷின்ல போட்டத இவராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம். சாவி சுத்தக் கை இருக்கு, சொல்லத்தான் வாய் இல்ல.

வண்டலூர் வந்துடிச்சா? நீ ஊரப்பாக்கம்னுதானே சொன்ன, இப்பவே ஏன் எழுந்துட்ட? இரு இரு, முக்கியமானத சொல்லவே இல்ல. காலையில அவரு குளிக்கப் போன நேரம் பாத்து கார்ச்சாவி ரெண்டையும் எடுத்துட்டேன். கையில சுத்தறது ஒண்ணு, பிள்ளையாருக்குப் பின்னாடி ஒளிச்சி வெக்கிறது ஒண்ணு. இதோ, கண்ணாடி வளையலுக்கு அடியில கீது. வளகாப்புத் தட்டுல எந்த ஆம்பளையும் கைய வுட மாட்டான் பாரு. இந்நேரம் சட்டப்பைய ஒதறிகினு இருப்பாரு. எனக்குப் பின்னாலயே அடுத்த பஸ்ல வருவாரு. பொண்ணுக்கு டாக்சி சொல்லி வெச்சிட்டேன்.

போயிட்டியா... சொல்லாமகூட எறங்குது பாரு.

நல்லது, காத்துக்கு நானே புடிச்சிக்கிறேன் துணிய. இந்த நாலு முடிச்சையும் அவுத்து, ஈயத்தயும் அந்த சாவிங்க பக்கத்துலயே போட்டுட்டேன். துளசிங்கத்துகிட்ட நானே கொண்டுபோய் குடுக்கிறேன், தெருவுல கெடந்துதுன்னு. அது சக்கரத்துல ஏறட்டும். அதுவரைக்கும் சாவி வளையலுக்கு அடியிலதான்.