பதினெட்டு மணி நேரச் சுழற்சி

— இந்தத் தடவை மூணு மடங்கு கிடைச்சிருக்கு அக்கா! முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு ஓடி வந்தேன். வேலைக்கு இடைஞ்சலா இருந்தா மன்னிச்சுக்கோ.

— முதல்ல கதவைச் சாத்து. என் செல்லுங்களுக்குக் குளிரும். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? காலையில இருந்து லேப் முழுக்க உன் பேச்சுதான். தரை துடைக்கிறவர்கூட, "உங்க தங்கச்சி பெரிய ஆளாயிட்டாங்களாமே"ங்கறார். பன்னிரண்டு வருஷமா அவர் துடைச்ச ஈரத்தைத் தாண்டித் தாண்டிப் போறவ நான். என் பேரு அவருக்குத் தெரியாது.

— செல்லை வளர்த்துக் கொடுக்கிறதே நீதானே அக்கா?

— ஆமா, வேளாவேளைக்கு ஊட்டி வளர்க்கிறவ நான். அது உதிர்க்கிற துளியூண்டு பைகளை வடிச்சு உன் கையில கொடுப்பேன். நீ அதுக்குள்ள மரபணு மருந்தை ஏத்தி, புற்றுக்கட்டி இருக்கிற எலிக்கு ஊசி போடுவே. பை கட்டியைத் தேடிப் போகும். பேரு உன்னைத் தேடி வரும்.

— கோபமா அக்கா?

— கோபம்னா இந்நேரம் ஆறியிருக்கும். பொறாமைடி. நான் போட்டுக் கழிச்ச சட்டையை நீ போட்டுட்டு வந்தா அப்பா பூரிச்சுப்போய், "அடடே, இவளுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கே"ம்பார். தைச்சது எனக்கு.

— அது எனக்குத் தொளதொளன்னு இருந்துச்சு அக்கா. சொன்னா நீ வருத்தப்படுவியோன்னு சொல்லலை.

— சரி சரி. டைரக்டர் என்ன சொன்னார்? தலையில தூக்கி வச்சு ஆடினாரா?

— இல்லை, சந்தேகப்பட்டார். "பை எப்படிம்மா திடீர்னு மூணு மடங்காச்சு? செல்லுக்கு ஊட்டுற சீரம் கன்னுக்குட்டி ரத்தத்துல எடுக்கிறது. பதினெட்டு மணி நேரம் மெஷின்ல சுழற்றி, அதுல மிதக்கிற மாட்டுப் பைகளை நீக்கியாச்சா? இல்லேன்னா அதைத்தான் எண்ணிட்டிருப்போம். அது கட்டி இருக்கிற பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது"ன்னார்.

— நீ என்ன சொன்னே?

— தயவுசெஞ்சு திட்டாதே. "எங்க அக்கா பன்னிரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட அதை விட்டதில்லை சார், அவங்ககிட்ட இதைக் கேட்கவே எனக்குக் கூச்சமா இருக்கு"ன்னுட்டேன்.

— கேட்டிருக்கலாம்.

— எதுக்கு அக்கா?

— ஒண்ணுமில்லை. ஊசி என்னைக்கு?

— இப்பவேதான். கீழே மருந்து ஏத்தி வச்சாச்சு. பன்னிரண்டு எலி, ஆறு வாரமா கட்டி வளர்த்தது. இது வீணாச்சுன்னா இந்த வருஷம் வேற எலி தர மாட்டாங்க.

— அப்புறம் இங்க நின்னு என்ன பண்றே?

— உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். முதல் ஊசியை நீதான் போடணும்னு அனுமதி வாங்கியிருக்கேன். இந்தா, கட்டுரையோட முதல் பக்கம். நேத்தே எழுதிட்டேன்.

— முதல்ல என் பேரு இருக்கு.

— வேற யார் பேரு இருக்கும்? என்னோடது ரெண்டாவது. இது எனக்குத் தொளதொளன்னு இல்லை அக்கா, அளவா இருக்கு. அக்கா? ஏன் உட்கார்ந்துட்டே?

— கீழே போன் போடு. ஊசி போட வேண்டாம்னு சொல்லு.

— ஏன்?

— அந்த சீரத்தை நான் சுழற்றலை.

— ஐயோ, மறந்துட்டியா? பரவாயில்லை அக்கா, யாருக்கும் நடக்கிறதுதான். நான் மறந்துட்டேன்னே சொல்லிக்கிறேன். நீ பயப்படாதே.

— மறக்கலைடி.