பால் காய்ச்சிய வீடு

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். மூத்தவர்தான் ஆரம்பித்தார்.

"விக்கிறதுக்குன்னு வாங்கின வூட்ல எவனாவது பால் காய்ச்சுவானா?"

"பெயின்ட் அடிச்சு முடிச்சதும் என் வூட்டுக்காரி ஆசப்பட்டாண்ணா."

"எட்டு லட்சத்துக்கு வாங்கின, ரிப்பேருக்கு மூணு. பன்னெண்டுக்குக் கேக்கறாங்க. ஒன்றரை வருஷத்துக்கு ஒரு லட்சம். ஞாயித்துக்கிழமைல சுவரு சுரண்டாம ஓவர்டைம் பாத்திருந்தாலே அதுக்கு மேல வந்திருக்கும். பெரிய பிசினஸ்மேன்பா நீ."

"அந்த ஒரு லட்சமும் இல்லண்ணா. பால் காய்ச்சின வூட்ட வுட்டு வரமாட்டேன்னு உக்காந்துகினு கீறா."

"அப்ப இன்னாதான் லாபம்?"

"வாடகை வூட்டு அட்வான்ஸ் திரும்பி வந்துச்சுண்ணா."

நான் சிரிக்கவில்லை. விற்கத்தான் வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டே பதினோரு வருடமாக ஒரு வீட்டில் குடியிருக்கிறேன்.