ஐந்து திராட்சையின் வாசம்

காரமான மீன் கறிக்கு இனிப்பில்லாத வெள்ளை வைன் நன்றாகவே சேரும், சார். எங்கள் உணவகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு இரண்டாவது கிளாஸ் கேட்பார்கள்.

சூலியா தெருப் பக்கத்தில் அந்தக் கடைவீட்டை எடுத்து உணவகம் நடத்தியது நானும் பிரமிளாவும். இருவருக்கும் சமபங்கு. சமையலறை அவள் பொறுப்பு, வைன் என் பொறுப்பு. ரசாயன உரமில்லாமல் விளைந்த ஐந்து வகைத் திராட்சையைக் கலந்து செய்த ஒரு வெள்ளை வைனைத் தேடிப் பிடித்தவன் நான்தான். திறந்ததும் ரோஜா, லிச்சி, எலுமிச்சைத் தோல் என்று ஒவ்வொன்றாக மேலே வரும்.

பிறகு கோவிட் வந்தது. காய்ச்சல் போயிற்று, வாசனை திரும்பவில்லை. நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் சோறும் நனைந்த அட்டையும் எனக்கு ஒன்றாகிவிட்டன. டாக்டர், நாட்டு மருந்து, தைலங்களை முகர்ந்து பயிற்சி, எதுவும் பலிக்கவில்லை.

வைன் வேலையையும் பிரமிளா எடுத்துக்கொண்டாள். என்னைக் கேட்டுத்தான் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் பாட்டிலைத் திறந்ததும் கிளாஸை என்னிடம் நீட்டுவாள்.

“இன்னிக்கு ஏதாச்சும் வருதா, சேகரண்ணே?”

“இல்லம்மா.”

“பரவால்ல லா. நாளைக்குப் பாப்போம்.”

குத்திக்காட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அன்பாகப் பேசுகிறவளை என்ன செய்வது, சொல்லுங்கள். தினமும் அதே கிளாஸ், அதே பரவாயில்லை.

அவளுக்கு ஆஸ்துமா. வைன் கெடாமலிருக்கப் போடும் சல்ஃபைட் அவளுக்கு ஆகாது. ஒருமுறை மூச்சு நின்றுபோகும் நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த ஐந்து திராட்சை வைனில் மட்டும் அதைச் சேர்ப்பதில்லை. அதனால் இதை மட்டும் குடிப்பாள். எனக்கு இது நன்றாகத் தெரியும்.

போன மாதம் அவளுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. மதியக் கூட்டம் முடிந்து வேலையாட்களும் போயிருந்தார்கள்.

“எனக்கும் ஒண்ணுமே தெரியல லா. இன்னிக்கு நாம ரெண்டு பேரும் ஒண்ணுண்ணே” என்று சிரித்தாள்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் சளி. அதை வைத்துக்கொண்டு ஒன்று என்கிறாள்.

உள்ளே போய், நம் வைன் தீர்ந்த பாட்டிலில் சமையலுக்கு வைத்திருந்த மலிவான வெள்ளை வைனை ஊற்றி எடுத்துவந்தேன். அவள் கிளாஸை முதலில் என்னிடம்தான் தந்தாள்.

“நல்லா இருக்கான்னு பாருங்கண்ணே. வாசம் இல்லாட்டியும் உங்களுக்கு நாக்கு இருக்குல்ல.”

ஒரு வாய் குடித்தேன். அருமையாக இருக்கிறது என்றேன். அவள் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. “கெரேத்தாவுல... இன்ஹேலர்...” என்று கார் சாவியை என் கையில் திணித்தாள். கார் பின்சந்தில் நின்றது. இன்ஹேலர் காரில் இருந்த அவள் கைப்பையில் மேலாகவே இருந்தது. எடுத்துக்கொண்டேன். பிறகு காரின் கதவைத் திறந்தபடியே வைத்து, இருக்கையில் உட்கார்ந்தேன். உணவகத்துக்குள்ளிருந்து அண்ணே என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். சத்தம் நின்ற பிறகுதான் இறங்கினேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சார். என் கஷ்டம் அவளுக்குக் கொஞ்சம் புரியட்டும் என்றுதான். புரிந்திருக்கும். யாரையும் தப்பாக நினைக்கிறவள் இல்லை அவள்.