பேர் எழுதாத கடிதம்

— சுருக்கமா சொல்லிடறேன் டீச்சர். பாப்பாவை வேற ஸ்கூல்ல சேர்க்கப் போறேன். இங்கேருந்து நிறுத்தறேன்னு லெட்டர் எழுதி மேஜை மேல வெச்சிருக்கேன். திங்கட்கிழமை அங்க டெஸ்ட்.

— நாலரை வயசுக்கு டெஸ்டா? முதல்ல உக்காருங்க சார்.

— இந்தக் குட்டி நாற்காலியிலயா? முழங்கால் மூக்கை இடிக்குது.

— எனக்குப் பதினாறு வருஷமா இடிக்குது. என்ன ஆச்சு, சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? ஆறு மாசமா வர்றா. சட்டையெல்லாம் களிமண்ணு, தலையெல்லாம் மணலு. எழுதச் சொன்னா பூனை வரையிறா. என் மச்சினன் பொண்ணுக்கும் இதே வயசுதான். ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி நூறு வரைக்கும் எழுதிக் காட்டறா. நம்ம மகாராணி பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு வேடிக்கை பாக்கறா. மானம் போச்சு டீச்சர்.

— அது உங்களைப் பார்த்துப் பழகினது. டெய்லர் பொண்ணாச்சே.

— அந்தப் பழக்கம் மட்டும் ஒட்டிக்குது.

— சரி, நீங்க தொழில் கத்துக்கப் போனப்ப முதல் நாளே கத்தரியைக் கையில குடுத்தாங்களா?

— நல்லா குடுத்தாங்க! எட்டு மாசம் பட்டன்தான் தைச்சேன். விரல் படியணும்ல.

— பாருங்க, நீங்களே சொல்லிட்டீங்க. களிமண் பிசையிறதும் மணி கோக்கறதும் அதுக்குத்தான்.

— பேச்சுல உங்களை ஜெயிக்க முடியாது. ஆனா ஒரு வார்த்தையாவது எழுதணும்ல?

— எழுதுவா. எழுத அவளுக்கு ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான். இப்ப விரட்டினா பென்சிலைக் கண்டாலே ஓடுவா.

— அந்தக் காரணம் எப்ப வரும்? கல்யாணத்துக்கு அப்புறமா?

— தள்ளுங்க தள்ளுங்க, தபால் எடுக்கணும்!

— வாங்க போஸ்ட்மேன் மேடம். சார், அந்த அட்டைப்பெட்டிதான் இந்த வாரம் போஸ்ட் ஆபீஸ். உங்க பொண்ணுதான் அங்க எல்லாமே.

— பாப்பா, அதை எடுக்காத! அது அப்பாவோட லெட்டர்!

— கவர்ல பேரே இல்லையேப்பா. பேர் இல்லாத லெட்டர் போகாது.

— அது டீச்சருக்குக் கண்ணு.

— டீச்சருக்கு இன்னிக்கே மூணு வந்துடுச்சு. ஆயாவுக்குக்கூட வந்துடுச்சு. உங்களுக்குத்தாம்ப்பா பாவம், ஒண்ணுமே வரல. இருங்க, வர்றேன்.

— டீச்சர், எடுத்துக்கிட்டு ஓடறா! அந்த மூலையில என்ன பண்றா?

— உஷ். பாத்துக்கிட்டே இருங்க. காதுல இருந்து பென்சிலை எடுத்துட்டா.

— நாக்கைத் துருத்திக்கிட்டு... அட, எழுதறா டீச்சர்! எழுதறா!

— கத்தாதீங்க சார், கை நின்னுடப் போகுது.

— சார், போஸ்ட்! உங்களுக்குத்தான்.

— அ... ப்... பா. புள்ளிகூட வெச்சிருக்கா. யார் டீச்சர் சொல்லிக் குடுத்தது?

— அம்மா, அப்பா, ஆயான்னு அட்டை எழுதி அந்த மூலையில ஒட்டி வெச்சிருக்கோம். வேணும்கிறவங்க பாத்து எழுதிக்குவாங்க. இன்னிக்கு இவளுக்கு வேணும்னு தோணிடுச்சு.

— என் கண்ணே... எனக்காகவா எழுதின?

— கொஞ்சறது அப்புறம். பிரிச்சுப் படிங்கப்பா. உள்ள என்ன எழுதியிருக்கு?

— அது... ஒண்ணுமில்லடா.

— பொய்! இவ்ளோ எழுதியிருக்கு. சத்தமா படிங்க, டீச்சருக்கும் கேக்கணும்.

— "திங்கட்கிழமையும் போஸ்ட் ஆபீஸ் உண்டு. பாப்பா கட்டாயம் வேலைக்கு வரணும்."