பொதுவான ஆளிடம் சாவி

ஒரு கூட்டம் நல்லபடியாக நடக்கவேண்டுமென்றால் முதலில் நாற்காலிகளைச் சரியாகப் போடவேண்டும். பேச்சு, பேனர், பிஸ்கட் எல்லாம் அப்புறம்தான். எதிரெதிரே உட்காரவைத்தால் மனிதர்கள் முறைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் சற்று நேரத்தில் ஒருவருக்கொருவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்திக்கொடுப்பார்கள். இந்த அறையில்கூட உங்கள் நாற்காலி கொஞ்சம் தள்ளித்தான் கிடக்கிறது ஐயா. தொழில் புத்தி, சொல்லிவிட்டேன்.

நான் கூட்டுத் திட்ட ஒருங்கிணைப்பாளர். எங்கள் தெருவைக் கேளிக்கை வட்டாரம் என்று அறிவித்தபோது நகராட்சி என்னை அமர்த்தியது. கீழ்த்தளத்தில் சினிமா, இசை அரங்கம், உணவகங்கள். மேலே குடும்பங்கள். கீழே இருப்பவனுக்குக் கூட்டமும் ஆரவாரமும் வேண்டும், மேலே இருப்பவனுக்குக் குழந்தை தூங்கவேண்டும். இரண்டு பேரையும் உட்காரவைத்து, எந்தக் கதவு யாருக்கு, எந்தச் சத்தம் எதுவரை என்று அவர்களையே முடிவெடுக்க வைப்பது என் வேலை. நான் எதையும் முடிவு செய்வதில்லை. இதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருமனதாகக் கை தூக்கினால்தான் என் கூட்டங்களில் எதுவும் நிறைவேறும். பெரும்பான்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. தோற்றுப்போய் வீட்டுக்குப் போகிறவன் சும்மா இருக்கமாட்டான். அதனால் ஆட்களைச் சின்னச் சின்ன மேஜைகளாகப் பிரிப்பேன். ஒரு மேஜைக்கு ஒரு பிரச்சினை. ஒரு மேஜையில் இருப்பவர் இன்னொரு மேஜைக்குப் போகக்கூடாது. எல்லா மேஜைக்கும் போய்வருகிற ஆள் நான் ஒருவன்தான். இப்படித்தான் பல ஊர்களில் பல தெருக்களைச் சேர்த்துவைத்தேன். எங்கும் ஒரு கைகூடக் கீழே இருந்ததில்லை.

இங்கே ஒரு கை இருந்தது. இசை அரங்கத்துக்குப் பின்னால் ஒரு அறையில், ஆடுகிறவர்களுக்கு உடை தைத்துக்கொடுத்த அம்மா. எதைக் கேட்டாலும் "மாட்டேன்" என்பார். தெருவே அவரை மாட்டேன் அக்கா என்றுதான் கூப்பிட்டது. கூப்பிட்டால் சிரித்துக்கொள்வார். என் மனைவிக்கு அவர் என்றால் உயிர். துணி கொடுக்கப் போகிறேன் என்று போனால் பொழுது சாயும்வரை அங்கேதான் இருப்பாள்.

அக்காவின் அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று மேடைப் பக்கம், மற்றொன்று பின்சந்துப் பக்கம். ஜன்னல் கிடையாது. இந்த இரண்டு கதவுகளும் இரண்டு பேருக்குத் தலைவலி. மேல்மாடிப் பல் டாக்டர், அவர்தான் குடியிருப்போர் தலைவர், பாட்டுச் சத்தம் சந்துக் கதவு வழியாக வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது என்றார். அரங்கக்காரர், டிக்கெட் வாங்காத பயல்கள் அக்கா அறை வழியாக மேடைக்குள் நுழைகிறார்கள் என்றார். இரண்டும் நியாயமான குறை. நான் இரண்டு மேஜை போட்டேன்.

டாக்டர் மேஜையில், நிகழ்ச்சி நடக்கும்போது சந்துக் கதவைத் தடிமனான ஒலித்தடுப்புக் கதவாக்கி வெளியிலிருந்து பூட்டுவது என்று பேசினார்கள். டாக்டர் நல்லவர். "அப்ப அந்தம்மா எப்படிங்க வெளிய போவாங்க?" என்று கேட்டார். மேடைப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது என்றேன். அரங்கக்காரர் மேஜையில், மேடைக் கதவுக்கு மேடைப் பக்கத்தில் தாழ்ப்பாள் போடுவது என்று பேசினார்கள். உடை மாற்ற வருகிறவர்கள் அவர்களே திறந்து, திரும்பிப் போகும்போது அவர்களே தாழ் போட்டுவிடுவார்கள். அவரும் கேட்டார், "அவசரம்னா அக்கா என்ன பண்ணுவாங்க?" சந்துப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது என்றேன். இரண்டு இடத்திலும் நான் சொன்னது உண்மை. பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அக்காவை வேறொரு மேஜையில் உட்காரவைத்திருந்தேன். குப்பை அள்ளும் நேரம் பற்றிய மேஜை. தன் அறையில் இஸ்திரிப் பெட்டி சொருகும் இடத்தில் ஒயர் கருகுகிறது, மாற்றித்தாருங்கள் என்று அவர் அங்கே கேட்டார். அது பராமரிப்பு மேஜைக்கு வரவேண்டிய விஷயம் என்று சொல்லிவைத்தேன். பராமரிப்பு மேஜை என்று ஒன்றை நான் போடவேயில்லை.

பொதுக்கூட்டத்தில் இரண்டு கதவுகளுக்கும் அக்கா கை தூக்கவில்லை. சரி, சோதனை முறையில் கொஞ்ச நாள் பார்ப்போம், கடைசிக் கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்றேன். சோதனைக்கு ஒருமனது தேவையில்லை. சந்துக் கதவின் சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சு வந்தது. டாக்டருக்கு அரங்கக்காரர்மேல் சந்தேகம், அரங்கக்காரருக்கு டாக்டர்மேல் சந்தேகம். பொதுவான ஆளிடம் இருக்கட்டும் என்று இருவருமே என்னைப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அக்கா என்னிடம் வந்தார். இன்னும் அளவு நாடா கழுத்தில் தொங்கியது.

"நீங்க ஒண்ணுமே சொல்றதில்ல தம்பி. ஆனா நீங்க நெனச்சதுதான் நடக்குது. அதெப்படி?"

"எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுக்கா."

"யாரும் சேரவே இல்லையே. ஒரு மேசைக்காரனுக்கு இன்னொரு மேசையில என்ன பேசுனாங்கன்னே தெரியல. கடைசிக் கூட்டத்துல எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு இதத்தான் கேக்கப்போறேன். உங்க பொழப்புல மண்ணு விழுந்தா கோச்சுக்காதீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவ்வளவு வருடத்தில் என்னை உட்கார்ந்து கவனித்த ஒரே ஆள் அவர். அன்றிலிருந்து எனக்கு எல்லாரையும் பார்த்தால் சந்தேகம். டாக்டர் தும்மினால்கூட அக்கா ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று தோன்றும். என் மனைவி துணிப்பையோடு கிளம்பினால் என்னைப் பற்றி என்ன பேசப் போகிறாளோ என்று தோன்றும். அவர்மேல் எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். அவர் ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு அழகான திட்டம் என்ற வருத்தம்தான்.

சோதனை தொடங்கிய நாள் சாயங்காலம், ஒலி அளக்கும் கருவியோடு சந்தில் நின்றேன். அது என் கடமை. கருவியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. சத்தம் அதைத் தாண்டினால் குடியிருப்போருக்குக் கொடுத்த வாக்கு தவறியதாக அர்த்தம். உள்ளே நிகழ்ச்சி களைகட்டியிருந்தது. கருவியின் முள் அசையவேயில்லை. கதவு செய்தவனை மனதுக்குள் பாராட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் கதவின் அடியிலிருந்து புகை வந்தது. பிறகு உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம், தலையணையைத் தட்டுவது போல. பிறகு அவர் குரல். "தம்பி, வெளிய இருக்கீங்களா? தொறங்க தம்பி." நான் அங்கேதான் நிற்பேன் என்று அவருக்குத் தெரியும். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் கருவியைப் பார்த்தேன். அவர் எவ்வளவு ஓங்கித் தட்டியும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டவில்லை. சட்டப்படி பார்த்தால் அந்தச் சந்து அமைதியாகத்தான் இருந்தது.

தட்டுவது நின்ற பிறகு சந்தைச் சுற்றிக்கொண்டு அரங்க வாசலுக்குப் போனேன். யாரோ நெருப்பு என்று கத்தினார்கள். எல்லாரோடும் ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நானே பூட்டைத் திறந்தேன். அக்கா கதவை ஒட்டியே கிடந்தார். அரங்கக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

அப்புறம் தெரு இரண்டுபட்டது. அந்த அறைமேல் கண் வைத்து அரங்கக்காரர் செய்த வேலை என்றார் டாக்டர். டாக்டர் கேட்ட கதவுதான் கொன்றது என்றார் அரங்கக்காரர். இருவருமே என்னிடம்தான் வந்து புலம்பினார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு இரங்கல் கூட்டம் போட்டேன், நாற்காலிகளை வட்டமாகப் போட்டு. பின்சந்துக்கு அக்காவின் பெயரை வைப்பது என்று ஒரு தீர்மானம். டாக்டர் கை தூக்கினார், அரங்கக்காரர் கை தூக்கினார், தெரு மொத்தமும் தூக்கியது.

என் மனைவி தூக்கவில்லை. அக்கா வழக்கமாக உட்காரும் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அன்னைக்கு உங்க பக்கத்துலதான ஓடி வந்தேன், அப்பவே உங்க சட்டையில ஏன் அவ்வளவு புகை நாத்தம்? அப்ப நீங்க பூட்டைத் தொறக்கவே இல்லையே."

சொன்னேன். உங்களிடம் சொன்னதைப் போலவே வரிசையாக, ஒன்றையும் விடாமல். அக்கா எத்தனையோ முறை ஊசியில் நூல் கோத்துக்கொடுக்கச் சொன்ன அந்த விரல்களைப் பிசைந்துகொண்டு கேட்டாள். "நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

அவசரப்படாதே, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, இரண்டு பேருக்கும் சம்மதமான ஒரு முடிவுக்கு வருவோம் என்றேன். நாற்காலியைக்கூட அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"மாட்டேன்" என்றாள். எழுந்து போய் வாசலில் செருப்பைத் தேடினாள்.

அதனால் நானே முந்திக்கொண்டு வந்தேன். ஆமாம், சாவி என்னிடம்தான் இருந்தது, கேட்டும் திறக்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு திருத்தம். இங்கே வருவது என்று நானும் என் மனைவியும் பேசி, ஒருமனதாக முடிவு செய்தோம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.