கள்ளிக்கு ஏற்ற மண்

“அந்த மணலை எதுக்கு சார் சாக்கோட தூக்கிட்டு வந்தீங்க? கழுவிக் காயவெச்ச மணல். உங்க ஸ்டேஷன் தரையெல்லாம் ஒரே ஈரம். பாருங்க, அடியில ஊறிடுச்சு.”

நீங்கள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் மட்டும் லேசாகச் சிரித்தார். “உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுங்கம்மா” என்றீர்கள். அவரைப் பற்றித்தான் சொல்கிறேன். மண்ணை விட்டுவிட்டு அவரைச் சொல்ல முடியாது.

கடையில் விற்கும் மண் கள்ளிச்செடிக்கு ஆகாது. ஒருமுறை நனைந்தால் லேசில் காயாது. அதனால் நான் வீட்டிலேயே கலப்பேன். பெரும்பங்கு கரடான ஆற்றுமணல், பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல், கொஞ்சம் அடுப்புக்கரி, பேருக்கு மக்கிய இலைத்தூள். நனைத்து ஒரு பிடி பிடித்துக் கையைத் திறந்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் அது செடிக்கு எமன். ஊற்றிய தண்ணீர் நேராக அடித்தட்டுக்கு இறங்க வேண்டும். தட்டில் நிற்பதை அப்போதே கொட்டிவிட வேண்டும். முக்கியமாக, வேர் அறுபட்ட செடிக்குத் தண்ணீரே காட்டக் கூடாது. காயம் காயும்வரை உலர்வாகக் கிடக்க வேண்டும். பாவம் பார்த்து ஊற்றினால் அழுகிவிடும்.

என் கணவர் பாவம் பார்க்கிற மனிதர். எல்லோரும் அவரைத் தங்கமானவர் என்பார்கள். நான் மறுக்கவில்லை. அறுவைசிகிச்சைக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மாடியிலிருந்த என் தொட்டிகளையெல்லாம் கவிழ்த்து, என் கலவையைக் கொட்டிவிட்டு, கொழுத்த கறுப்பு மண்ணை நிரப்பி, தினமும் வயிறு நிறையத் தண்ணீர் விட்டிருக்கிறார். நான் வந்து பார்த்துப் பூரித்துப்போக வேண்டுமாம். வந்து பார்த்தேன். எல்லாம் கொழுகொழுவென்று நின்றன. விதை போட்டு நான் வளர்த்த உருண்டைக் கள்ளியைத் தொட்டேன். விரல் உள்ளே போய்விட்டது.

“இப்ப என்னம்மா குடிமுழுகிப் போச்சு? வேற வாங்கினா ஆச்சு. முள்ளைப் போய் இப்படிக் கொஞ்சற பொம்பளையை நான் பார்த்ததே இல்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. என் தையல் ஆறும்வரை காத்திருந்து, புதுக் கலவைக்குத் தானே மணல் கழுவித் தருவதாகச் சொன்னார். ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறியவர், அது சொட்டிய தண்ணீரிலேயே வழுக்கி, மேல்படியில் விழுந்தார். நான் தள்ளவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோல் கிழிந்திருந்தது. கோணியில் கிடத்தி மாடி அறைக்குள் இழுத்துச் சென்றேன்.

“ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போடும்மா. அதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி.”

“முதல்ல காயம் காயட்டும்” என்றேன்.

வேடிக்கை என்று நினைத்தார் போல. வலியிலும் சிரிக்கப் பார்த்தார். நான் கதவைத் தாழிட்டுவிட்டு இறங்கினேன். அவருடைய ஃபோன் கீழே சாப்பாட்டு மேஜையில் கிடந்தது.

மறுநாள் நாத்தனார் வந்தாள். “அண்ணன் எங்க அண்ணி? ஃபோனே எடுக்க மாட்டேங்கறாரு.”

“வெளியூர் போயிருக்காரு. ஃபோனை மறந்துட்டாரு.”

“அது சரி, அவரு தலையை மறக்காம எடுத்துட்டுப் போனாரே. மேல என்ன டொக்கு டொக்குன்னு சத்தம்?”

“செங்கல் உடைக்க ஆள் விட்டிருக்கேன்.”

“இப்படி உடைச்சா எப்ப முடிப்பான்? கூலியைக் குறைச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனாள். போகப் போக அந்தச் சத்தமும் ஓய்ந்தது.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். அவர் என் செடிகளுக்குச் செய்ததை மட்டும் அன்பு என்கிறீர்கள். நான் அவரை அடிக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. கதவைத் தாழிட்டேன், தண்ணீர் கொடுக்கவில்லை, அதனால் அவர் செத்தார். கோர்ட்டிலும் இதையே சொல்வேன். வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். இல்லை.

அவரை நான் தனியாக விட்டுவிடவும் இல்லை. தினமும் மேலே போய், பக்கத்தில் உட்கார்ந்துதான் மண் கலந்தேன். பதம் கூடிவந்த அன்று ஒரு தொட்டியை நிரப்பி, அவர் கண்ணெதிரே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். தடையில்லாமல் இறங்கித் தட்டில் தெளிவாக நின்றது. அவ்வளவு நல்ல கலவை என் கையில் அதற்கு முன் வந்ததில்லை. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் என் வேலையை அவர் மதித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொட்டுவதற்காகத் தட்டைத் தூக்கினேன். ஒட்டிப்போயிருந்த உதடுகளைப் பிரிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அந்தத் தட்டுல இருக்கறதையாவது குடேன்மா.”