ஒதகரின் இடது கை

பன்றி அடிக்கும் நாளில் நிலம் இறுக உறைந்திருந்தால் நல்லது, இறைச்சி கெடாது. அன்று அப்படித்தான் இருந்தது. கசாப்புக்காரர் வோந்த்ரா குடித்துவிட்டு வந்ததால்தான் எல்லாம் நடந்தது என்று ஊர் சொல்கிறது. இல்லை, ஐயா. அவரை விட்டுவிடுங்கள்.

என் தம்பி ஒதகர் வயலினோடு பிராக், வியன்னா, லண்டன் என்று சுற்றிய வருடங்களில், அவனுக்குத் துணையாகப் பியானோ வாசித்தவள் நான். அவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்பது எனக்குத் தெரியும். சுவரொட்டிகளில் என் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். சில ஊர்களில் இருக்காது. அதைப் பற்றி நான் பேசியதே இல்லை.

எங்கே இருந்தாலும் குளிர்காலத்தில் பன்றி அடிக்க ஊருக்கு வந்துவிடுவான். கொன்ற பன்றியைத் தொட்டியில் கிடத்தி, பைன் மரப் பிசினைப் பொடித்துத் தூவி, கொதிநீர் ஊற்றினால் மயிர் மொத்தமாகக் கழன்று வரும். அவன் வயலின் வில்லில் தேய்ப்பதும் அதே பிசின்தான்.

“நீ இதத் தேய்ச்சு ராணிங்கள அழ வைக்கிற, நான் பன்னிக்குச் சவரம் பண்றேன்,” என்றார் வோந்த்ரா. “பன்னி கை தட்டாது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

“தட்டுறவங்கள்லயும் பாதிப் பேருக்கு ஒண்ணும் புரியாதுண்ணே,” என்ற ஒதகர், சிரிப்பு மாறாமல் என் பக்கம் திரும்பினான். “அக்கா, பீட்டர்ஸ்பர்க்குக்கு நீ வர வேணாம். வியன்னாவுல பியானோவுக்கு ஒருத்தனப் பிடிச்சிருக்கேன், நல்லா வாசிக்கிறான். உனக்கும் ஓய்வு வேணும்ல?”

“வேணும்னு யார் சொன்னா?”

“உன் முகம்தான்.”

பன்றியைப் புரட்டும்போது அவன் கால் பனியில் வழுக்கியது. விழாமலிருக்க இடது கையைத் தொட்டிக்குள் ஊன்றினான். உருகிய பிசின் மெழுகுபோல் தோலைப் பிடித்துக்கொண்டது. அது விபத்து. நான் பக்கத்தில்கூட இல்லை.

“விரலுக்கு விரல் நடுவுல துணி வைங்கம்மா, இல்லேன்னா ஒட்டிக்கும்,” என்றார் டாக்டர். “தினமும் நீட்டி மடக்கணும். கத்தினாலும் விடாதீங்க. கோடையில வாசிச்சிருவார்.” பனி கொட்டிப் பாதை அடைபட்டது. அதன்பின் அவரால் வர முடியவில்லை.

கட்டு மாற்றுவது என் பொறுப்பு. முதலில் சொன்னபடிதான் செய்தேன். ஒருநாள் துணியைச் செருகும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, “கோடையில வந்துருவேன்னு அந்த வியன்னாக்காரனுக்கு எழுதிரு அக்கா,” என்றான்.

அன்று நடுத்துணியை வைக்கவில்லை. விரல்களை உள்ளே மடக்கி, ஒன்றோடொன்று சேர்த்து, இறுக்கிச் சுற்றினேன்.

“இன்னிக்கு அவ்வளவா வலிக்கலையே. ஆறுது போல.”

ஆமாம் என்றேன். பொய்யில்லை, ஆறிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படியே கட்டினேன். பனி உருகிப் பாதை திறந்தபோது நான்கு விரல்களும் ஒரே தோலாகியிருந்தன. டாக்டர் கையை வெகுநேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

இப்போது சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். இறைச்சியை நறுக்கித் தருகிறேன். மாலையில் பியானோ வாசிக்கிறேன். அவன் எழுந்து போவதில்லை.

அவனை அழைத்துப்போக வந்திருக்கிற நீங்கள், வியன்னாவில் விரல்களை அறுத்துப் பிரித்துவிடலாம் என்கிறீர்கள். தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அதற்குப் பிறகு கட்டுப்போட என்னை அருகில் விடவேண்டாம் என்று ஒதகரே கேட்டுக்கொண்டதாகச் சொல்கிறீர்களே, அதை மட்டும் நான் நம்பமாட்டேன். அந்தக் கையை என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?